பூச்சி எங்கிருந்து திரும்பி வருகிறது?

பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்கு இறங்கும் வீதியில், லுணுகலையை நெருங்கும்போது இரு பக்கமும் தேயிலை மலை. மலை மடிப்புகளில் தகரக் கூரை போட்ட லயங்கள். இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளை வளர்த்த ஒரு தாயிடம், வயிற்றில் பூச்சி எதனால் வருகிறது என்று கேட்டால், "ஓயாம சீனியும் டொபியும் தின்னா பூச்சி வைக்காம என்ன செய்யும்?" என்ற பதில் வரும். அவருக்கு அவருடைய அம்மா சொன்னது அது. அம்மாவுக்கு அம்மாயி சொன்னது.

பூச்சிக் குளிசை கொடுக்கிறார்கள். பிள்ளை சப்பி விழுங்குகிறது. சில நாட்களில் வயிறு தெளிகிறது. மாதங்கள் போகின்றன. பிள்ளை மறுபடியும் சோற்றை ஒதுக்குகிறது, முகம் வெளிறுகிறது, வயிறு உப்புகிறது. "போன முறைதானே மருந்து குடுத்தோம், அதுக்குள்ள எப்படி?" என்று தாய் கேட்கிறார். நியாயமான கேள்வி. உலகம் முழுவதும் கோடிக்கணக்கான குளிசைகளைப் பகிர்ந்தளிக்கும் சுகாதாரத் திட்டங்களும் விடை தேடிக்கொண்டிருப்பது இந்தக் கேள்விக்குத்தான்.

மலையகத் தோட்டங்களின் கதையே இதற்குச் சான்று. 1992இல் தோட்டப்புறம் முழுவதும் ஓர் ஆய்வு நடந்தது. 3 முதல் 12 வயதுவரையான பிள்ளைகளிலும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களிலும் 90 வீதத்துக்கு மேற்பட்டோரின் வயிற்றில் புழு இருந்தது. 1994இல் பெரிய திட்டம் ஒன்று தொடங்கியது. 3 முதல் 18 வயதுவரையான எல்லோருக்கும் ஆண்டுக்கு இரண்டு தடவை புழு மருந்து. இது 2005 வரை தொடர்ந்து, பிறகு நின்றது. நான்கு ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் திரும்பி வந்து, ஐந்து மாவட்டங்களில் 114 பாடசாலைகளைச் சேர்ந்த 1,890 பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். 29 வீதமானோருக்குப் புழு இருந்தது. பத்து ஆண்டுக்கு மேல் மருந்து கொடுத்து வெறுமையாக்கிய வயிறுகளில் அது எப்படித் திரும்பி வந்தது?

குடமும் பீலியும்

நம் ஊரில் 'பூச்சி' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்குபவை முக்கியமாக மூன்று. மண்புழு அளவுக்கு நீண்டு வளரும் வட்டப்புழு. ஒரு முனை மெலிந்து சாட்டைபோல் இருக்கும் சாட்டைப்புழு. ஒரு சென்ரிமீற்றர் நீளமே உள்ள, வாயால் குடலைக் கவ்விப் பிடித்து இரத்தம் குடிக்கும் கொக்கிப்புழு. மூன்றும் மண் வழியாக மனிதரிடம் வருவதால் இவற்றைச் சேர்த்து 'மண்வழிப் புழுக்கள்' என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி ஏறத்தாழ 150 கோடி மக்களிடம் இவை உள்ளன. இத்தனை பேரைப் பிடித்திருந்தும், பெரும்பாலும் ஏழைகளையே பிடிப்பதால், இவை 'புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள்' என்ற பட்டியலில் இருக்கின்றன.

இந்த மூன்றைப் பற்றியும் ஓர் உண்மை தெரிந்தால் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும். இவை மனித வயிற்றுக்குள் முட்டை இடும். ஆனால் அந்த முட்டை வயிற்றுக்குள்ளேயே வளர்ந்து புழுவாகாது. அரிசி மூட்டைக்குள் வண்டு புகுந்தால் அங்கேயே முட்டையிட்டு, அங்கேயே பொரித்துப் பெருகும். புழுக்கள் அப்படி அல்ல. முட்டை மலத்தோடு வெளியே வந்து, மண்ணில் சில காலம் கிடந்து, அங்கே பக்குவப்பட்டால்தான் இன்னொரு மனிதரை, அல்லது அதே மனிதரை, மறுபடி தொற்ற முடியும். ஒருவரின் வயிற்றில் நூறு புழு இருக்கிறதென்றால் நூறும் தனித்தனியாக வெளியிலிருந்து வந்து சேர்ந்தவை.

லயத்துப் பீலியை நினைத்துக்கொள்ளலாம். பீலியின் கீழே வைத்த குடம் சொட்டுச் சொட்டாக நிறைகிறது. குளிசை என்பது குடத்தைக் கவிழ்த்துக் கொட்டுவது. கொட்டிய மறுநிமிடம் குடம் காலி. ஆனால் அது இன்னும் பீலியின் கீழேதான் இருக்கிறது. பீலி எவ்வளவு வேகமாக ஒழுகுகிறது என்பதைப் பொறுத்துத்தான் குடம் மறுபடி எப்போது நிறையும் என்பது.

அந்த வேகத்தையும் அளந்திருக்கிறார்கள். மருந்து கொடுத்த பிறகு தொற்று எவ்வளவு விரைவில் திரும்புகிறது என்று பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2012இல் ஒரு மதிப்பீடு வெளியானது. ஓராண்டுக்குள் வட்டப்புழு பழைய அளவின் 94 வீதத்துக்குத் திரும்பிவிடுகிறது. சாட்டைப்புழு 82 வீதத்துக்கு. கொக்கிப்புழு 57 வீதத்துக்கு. ஆண்டுக்கு இரண்டு தடவை மருந்து கொடுக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

டொபியின் மேல் உள்ள பழியையும் இங்கே இறக்கி வைக்கலாம். சீனி புழுவாக மாறுவதில்லை. முற்றத்து மண்ணில் விளையாடிய விரல்களால் டொபியைப் பிரித்து, அதே விரல்களை நக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத வட்டப்புழு முட்டைகள் வாய்க்குள் போகின்றன. ஒரு பெண் வட்டப்புழு நாளொன்றுக்கு இரண்டு இலட்சம் முட்டைவரை இடும். தடித்த ஓடு உள்ள அந்த முட்டை ஈர மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

கெய்ரோவில் சிந்திய ஒரு துளி

கொக்கிப்புழுவின் வழி வேறு. அது வாய் வழியாக வருகிறது என்றுதான் மருத்துவர்களும் நெடுங்காலம் நம்பினார்கள். இத்தாலிய மருத்துவர் ஆஞ்சலோ டுபினி 1838இல் மிலான் நகரில் ஒரு பிணப் பரிசோதனையின்போது இந்தப் புழுவைக் கண்டுபிடித்திருந்தார். ஆனால் அது உடலுக்குள் எப்படிப் போகிறது என்பது மேலும் அறுபது ஆண்டுகளுக்குப் புதிராகவே இருந்தது.

விடை தற்செயலாகக் கிடைத்தது. கெய்ரோவில் பணியாற்றிய ஜெர்மானிய ஒட்டுண்ணியியலாளர் ஆர்தர் லூஸ், முட்டையிலிருந்து வெளிவந்த இளம்புழுக்களை நீரில் வளர்த்து ஆராய்ந்துகொண்டிருந்தார். இந்த இளம்புழுவை நம் பாடநூல்கள் 'குடம்பி' என்கின்றன. ஒருநாள் அந்த நீரில் ஒரு துளி அவருடைய கையில் விழுந்தது. விழுந்த இடம் எரிந்து சிவந்தது. லூஸ் இன்னொரு துளியை வேண்டுமென்றே கையில் விட்டார். சற்று நேரம் கழித்து அதை வழித்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால், நெளிந்துகொண்டிருந்த குடம்பிகள் அநேகமாக ஒன்றுமே இல்லை. எங்கே போயின? பின்னர் தன் மலத்தையே பரிசோதித்து அதில் கொக்கிப்புழு முட்டைகளைக் கண்டபோது அவருக்கு விளங்கியது: அவை தோலைத் துளைத்து உள்ளே போய்விட்டன. 1898இல் அவர் இதை எழுதியபோது பலரும் நம்பவில்லை. நோயால் கால் துண்டிக்கப்படவிருந்த ஒரு சிறுவனின் காலில், அறுவைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் குடம்பிகளை விட்டு, துண்டித்த காலின் தோலுக்குள் அவை புகுந்திருப்பதைக் காட்டிய பிறகுதான் சந்தேகம் தீரத் தொடங்கியது.

ஏறக்குறைய அதே காலத்தில், அசாம் தேயிலைத் தோட்டங்களில் சார்ல்ஸ் பென்ட்லி என்ற மருத்துவர் இன்னொரு முனையிலிருந்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். மழைக்காலத்தில் தொழிலாளர்களின் காலில் அரிப்பும் கொப்புளமும் வருவதை அங்கே 'பானி காவ்' என்பார்கள். தண்ணீர்ப் புண் என்று பொருள். நம் தோட்டங்களில் சேற்றுப்புண் என்று சொல்வதற்குள் இதுவும் அடங்கும். குடம்பி உள்ள மண்ணைத் தோலில் வைத்துக் கட்டினால் அந்தப் புண் வருகிறது என்று பென்ட்லி 1902இல் எழுதினார். ஆக, தேயிலைத் தொழிலாளியின் விரலிடுக்கில் வந்த அரிப்பு, வயிற்றுக்குள் போகும் புழு வாசலில் வைத்த அடையாளம்.

உள்ளே போன குடம்பி நேரே குடலுக்குப் போவதில்லை. இரத்தக் குழாயில் ஏறி இதயம் போய், அங்கிருந்து நுரையீரலுக்கு வந்து, மூச்சுக்குழாய் வழியே தொண்டைவரை ஏறுகிறது. சளியோடு சேர்த்து விழுங்கப்பட்ட பிறகே குடலை அடைகிறது. அங்கே சுவரைக் கவ்விக்கொண்டு சில ஆண்டுகள் வாழும்.

இந்த இனத்துக்குள் நம் தீவின் பெயரைச் சுமக்கும் புழுவும் ஒன்று உண்டு. 1911இல் இலங்கையின் ஒரு மரநாயிடமிருந்து கிடைத்த கொக்கிப்புழுவுக்கு அதே லூஸ் 'அன்கிலோஸ்டோமா சிலானிகம்' என்று பெயரிட்டார். சிலோன் புழு என்று சொல்லலாம். நாயிலும் பூனையிலும் வாழும் இது மனிதரையும் தொற்றும் என்பது பின்னர் தெரியவந்தது. லயத்து முற்றத்தில் படுத்திருக்கும் நாய்களும் இந்தக் கணக்கில் வருகின்றன என்று பொருள்.

ஒரு துளி இரத்தத்தின் கணக்கு

ஒரு கொக்கிப்புழு நாளொன்றுக்கு வீணாக்கும் இரத்தம், அதன் வகையைப் பொறுத்து, 0.03 முதல் 0.2 மில்லிலீற்றர் அளவில் இருக்கும். சில துளிதானே என்று தோன்றும். சிறிய வகையே நூறு இருந்தால் நாளுக்கு 3 மில்லிலீற்றர், மாதத்துக்கு 90 மில்லிலீற்றர். தேநீர்க் கோப்பையில் பாதிக்கு மேல். இரத்தத்தோடு போவது இரும்புச் சத்து. பருப்பிலும் கீரையிலும் கிடைக்கும் கொஞ்ச இரும்பையே நம்பியிருக்கும் ஒரு பெண்ணுக்கு, அதுவும் அவர் கர்ப்பிணியாக இருந்தால், இந்த இழப்பை ஈடுகட்டவே முடியாது.

இலங்கைத் தோட்டப்புறத்தில் 195 கர்ப்பிணிகளிடம் நடந்து 1994இல் வெளியான ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. இரும்பும் ஃபோலிக் அமிலமும் மட்டும் பெற்றவர்களைவிட, அவற்றோடு புழு மருந்தும் பெற்றவர்களின் இரத்தநிலை நன்றாகத் தேறியது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதற்கும் ஓட்டையை அடைத்துவிட்டு ஊற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

இரத்தம் குறைந்தவர் மலை ஏறும்போது மூச்சு வாங்கும். கூடையை இறக்கி வைத்து உட்காரத் தோன்றும். தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக இதற்குச் 'சோம்பேறித்தனம்' என்று பெயர் வைத்தவர்கள் உண்டு. அந்தச் சொல்லைச் சுமந்தவர்களில் எத்தனை பேரின் குடலில் நூறு கொக்கிகள் மாட்டியிருந்தன என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

1916: மாத்தளையில் ஒரு பாடம்

எண்ணிப் பார்க்க வந்தவர்கள் அமெரிக்கர்கள். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் மாநிலங்களில் கொக்கிப்புழுவை எதிர்த்து வேலைசெய்த ரொக்பெல்லர் நிறுவனம் 1913இல் ஒரு சர்வதேச சுகாதார ஆணையத்தை அமைத்தது. அதன் கீழைத்தேயப் பணிப்பாளராக இருந்தவர் விக்டர் ஹெய்சர். அந்த ஆணையத்தின் கொக்கிப்புழு இயக்கம் 1916இல் இலங்கையில் மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் தொடங்கியது. தேர்ந்தெடுத்தது தோட்டங்களைத்தான். நெருக்கமான லயம், வெறுங்கால், ஈர மண், மலசலகூடம் இல்லாமை என எல்லாமே அங்கே ஒரே இடத்தில் இருந்தன. தமிழகத்திலிருந்து வந்திறங்கிய தொழிலாளர் பெரும்பாலோரிடம் புழுவும் இருந்தது.

அன்றைய மருந்துகள் தைமோலும் கினோபோடியம் எண்ணெயும். குமட்டும், தலை சுற்றும். அளவு தவறினால் ஆபத்து. மருந்தோடு பேதிக்கும் கொடுத்து, பட்டினி போட்டு, தொழிலாளர்களை வரிசையில் நிறுத்தி விழுங்க வைத்தார்கள். புழு இறங்கியது. ஆனால் மலசலகூடம் கட்டும் செலவை ஏற்கத் தோட்டத் துரைமார் பலர் தயங்கினார்கள். மருந்து வாங்கிய தொழிலாளி அதே தேயிலைக்கும் ஓடைக்கும் இடையே ஒதுங்கினார், அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தார். பீலி ஒழுகிக்கொண்டே இருந்தது. குடம் மறுபடி நிறைந்தது.

ரொக்பெல்லர் அதிகாரிகள் இதிலிருந்து கற்றுக்கொண்டு வழியை மாற்றினார்கள். ஒரே நோயைத் துரத்துவதை விட்டு, ஊரின் மொத்தச் சுகாதாரத்தையும் ஒரே கூரையின் கீழ் கவனிக்கும் சுகாதாரப் பிரிவு 1926இல் களுத்துறையில் தொடங்கியது. இலங்கையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மருத்துவ மாது என்ற அமைப்பு அதிலிருந்து வளர்ந்தது. அந்த அமைப்பு கிராமங்களுக்கு விரைவாகவும் தோட்டங்களுக்கு மிகவும் தாமதமாகவும் போய்ச் சேர்ந்தது.

உயரமும் புழுவும்

மருந்துத் திட்டம் நின்று நான்கு ஆண்டுகள் கழித்து, 2009இல் நடந்த அந்த ஆய்வில் இன்னொரு சுவையான முடிவும் கிடைத்தது. தோட்டம் எவ்வளவு தாழ்ந்த இடத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்குப் புழுத் தொற்று அதிகம். ஐந்தில் இரண்டு மாவட்டங்களில் கொக்கிப்புழுவே தென்படவில்லை. அதே தேயிலை, அதே லயம், அதே 10 அடிக்கு 12 அடிக் காம்பரா. புழு மட்டும் ஏன் வேறுபட்டது?

காரணம் குடம்பியின் உடலில் இருக்கிறது. கொக்கிப்புழு முட்டைக்கு ஓடு மெல்லியது. இளஞ்சூடும் ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் ஓரிரு நாளில் பொரித்து, அடுத்த ஐந்து முதல் பத்து நாட்களில் தோலைத் துளைக்கும் பருவத்தை அடையும். பிறகு சில வாரங்கள் மண்ணில் காத்திருக்கும். நுவரெலியாவின் குளிரில் இந்த வளர்ச்சி மந்தமாகிவிடும் அல்லது நின்றுவிடும். வெயில் காய்ந்த வரண்ட தரையில் குடம்பி உலர்ந்து சாகும். மேட்டுக் குளிருக்கும் கீழே பிபிலைச் சமவெளியின் வரட்சிக்கும் நடுவே, தேயிலைச் செடியின் நிழல் விழும் ஈரச் சரிவு குடம்பிக்கு ஏற்ற இடம். லுணுகலையைப் போல மேட்டிலிருந்து சமவெளிக்கு இறங்கும் வழியில் கிடக்கும் தோட்டங்களை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டியிருக்கிறது. தாயின் படிப்பு குறைவாக இருந்த வீடுகளிலும் தொற்று அதிகம் என்று அதே ஆய்வு சொன்னது. வீட்டுச் சுகாதார வசதி குறைவாக இருந்தால் வட்டப்புழுவும் கொக்கிப்புழுவும் கூடின.

முட்டையை எண்ணும் கலை

"29 வீதம்" என்ற எண் எப்படிக் கிடைக்கிறது? ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு சிறு டப்பாவில் மலம் கொண்டுவர வேண்டும். அதை வலையில் அழுத்தி, நார் நீக்கி, நடுவே துளை உள்ள ஒரு சிறு அச்சில் நிரப்புகிறார்கள். அச்சு கொள்வது 41.7 மில்லிகிராம். அதைக் கண்ணாடித் தகட்டில் இறக்கி, கிளிசரினில் ஊறிய பச்சை நிற செலோபேன் தாளால் மூடிக் கவிழ்த்து அழுத்துகிறார்கள். சற்று நேரத்தில் கிளிசரின் மலத்தைக் கண்ணாடிபோல் தெளிய வைக்கும்; முட்டைகள் தெரியும். எண்ணிய தொகையை 24ஆல் பெருக்கினால் ஒரு கிராம் மலத்தில் எத்தனை முட்டை என்ற கணக்கு. ஜப்பானியரான கட்டோ 1954இல் தொடங்கியதையும் பிரேசிலின் நப்தாலி கட்ஸ் 1972இல் எளிமையாக்கியதையும் சேர்த்து இதற்குக் 'கட்டோ-கட்ஸ் முறை' என்று பெயர். நேரம் தவறக்கூடாது. கொக்கிப்புழு முட்டை ஒரு மணி நேரத்துக்குள் கிளிசரினில் கரைந்து மறைந்துவிடும். பார்க்கத் தாமதித்தால் புழு இல்லாத பிள்ளை என்று எழுதி வைப்பார்கள்.

முட்டை எண்ணிக்கையை வைத்துப் 'புழுச்சுமை' கணிக்கப்படுகிறது. ஒரு கிராமில் கொக்கிப்புழு முட்டை 2,000ஐ எட்டினால் நடுத்தரச் சுமை, 4,000ஐ எட்டினால் கடும் சுமை. தொற்று இருக்கிறதா இல்லையா என்பதைவிடச் சுமைதான் முக்கியம். இரண்டு புழு வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. இருநூறு வைத்திருப்பவருக்கு இரத்தம் வற்றும். புழுக்கள் எல்லோரிடமும் சமமாகப் பகிரப்படுவதும் இல்லை. ஊரின் பெரும்பாலான புழுக்களைச் சில பேரே சுமக்கிறார்கள். மண்ணில் விழும் முட்டையிலும் பெரும்பங்கு அவர்களுடையதே.

'ஒழிப்பு' என்ற சொல்லுக்குள் மூன்று பொருள்

பத்திரிகைகளில் நோய் 'ஒழிப்பு' என்று ஒரே சொல்லாக வருவதை நிபுணர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். ஊவாப் பத்தனைகளில் முளைக்கும் இலுக்குப் புல்லை வைத்து இதை விளங்கிக்கொள்ளலாம். புல்லை அவ்வப்போது வெட்டி, தேயிலையை மூடாதபடி வைத்திருப்பது முதல் நிலை. இதைப் 'பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கல்' என்கிறார்கள். ஒரு தோட்டத்தில் மட்டும் கிழங்கோடு தோண்டி, அங்கே மறுபடி முளைக்காமல் செய்வது இரண்டாவது, 'பரவலை நிறுத்தல்'. உலகில் எங்குமே இலுக்கு விதை இல்லாமல் செய்வது மூன்றாவது, 'பூண்டோடு அழித்தல்'.

மூன்றாவது நிலைக்கு மிக அருகில் வந்திருக்கும் ஒட்டுண்ணி நோய் நரம்புச்சிலந்தி. குடிநீரைத் துணியில் வடிகட்டுவது போன்ற வழிகளாலேயே இந்தியா அதை விரட்டியது. கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில் பதிவானார். முதல் நிலையை இலங்கை யானைக்கால் நோயில் எட்டியது. மேல், தென், வடமேல் மாகாணங்களின் எட்டு மாவட்டங்களில் 2002 முதல் 2006 வரை ஆண்டுக்கு ஒரு தடவை, பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் இரண்டு மருந்துகள் கொடுக்கப்பட்டன. அவற்றில் ஒன்று நம் பிள்ளைகள் சப்பும் பூச்சிக் குளிசைகளில் ஒன்றான அல்பெண்டசோல். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையின் வெற்றியை உறுதிப்படுத்தியது.

அந்த வெற்றியை மண்வழிப் புழுவில் ஏன் திருப்பிக் காட்ட முடியவில்லை? யானைக்கால் புழுவுக்கு மண்ணில் கிடங்கு கிடையாது. அது மனித உடலிலும் நுளம்பிலும் மட்டுமே இருக்கும். ஊர் முழுவதன் இரத்தத்தையும் சில ஆண்டுகள் தொடர்ந்து தெளிவாக வைத்தால், உள்ளே இருக்கும் தாய்ப்புழுக்கள் வயதாகிச் செத்துவிடும். நுளம்புக்கு எடுத்துப்போக ஒன்றும் இருக்காது. கொக்கிப்புழுவுக்கும் வட்டப்புழுவுக்கும் நிலமே கிடங்கு. அந்தக் கிடங்கை எந்தக் குளிசையும் எட்டுவதில்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. யானைக்கால் மருந்து எல்லோருக்கும் போனது. பூச்சி மருந்து பெரும்பாலும் பிள்ளைகளுக்கே போகிறது. 2001இல் உலக சுகாதாரப் பேரவை பாடசாலைப் பிள்ளைகளில் 75 வீதமானோருக்கு மருந்து சேர வேண்டும் என்று இலக்கு வைத்தது. 2012இல் இலண்டன் பிரகடனத்தையொட்டி இரு மருந்து நிறுவனங்கள் ஆண்டுக்குக் கோடிக்கணக்கான குளிசைகளை இலவசமாகத் தர முன்வந்தன. பாடசாலை என்பது பிள்ளைகள் ஒரே இடத்தில் கூடும் இடம்; ஆசிரியரே கொடுத்துவிடலாம். செலவு குறைவு, பயன் பெரிது. ஆனால் கொக்கிப்புழுவை அதிகம் சுமப்பவர்கள் பிள்ளைகள் அல்லர், வளர்ந்தவர்கள். 1994இன் தோட்டத் திட்டமும் 18 வயதோடு நின்றது. மகள் பாடசாலையில் குளிசை சப்பும் நேரத்தில், மலையில் கொழுந்து எடுக்கும் அம்மாவின் வயிற்றில் ஒவ்வொரு பெண் கொக்கிப்புழுவும் நாளுக்குப் பல ஆயிரம் முட்டை இட்டுக்கொண்டிருக்கும்.

எல்லோருக்கும் கொடுத்தால் என்ன ஆகும்? கென்யாவின் குவாலே மாவட்டத்தில் இதைச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். பாடசாலையில் மட்டும் ஆண்டுக்கு ஒரு தடவை கொடுத்த ஊர்களில் கொக்கிப்புழு 18.6 வீதத்திலிருந்து 13.8க்கு இறங்கியது. ஊர் முழுவதற்கும் ஆண்டுக்கு இரண்டு தடவை கொடுத்த இடங்களில் 20.6இலிருந்து 6.2க்கு. இதே கேள்வியோடு, பரவலையே நிறுத்த முடியுமா என்று பார்க்க, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் தமிழகத்தின் திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் வீடு வீடாகக் குளிசை கொடுத்து நீண்ட சோதனை ஒன்றை நடத்தினார்கள்.

எந்தக் குளிசை என்பதும் முக்கியம். சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2008இல் தொகுத்த கணக்கின்படி, ஒரு வேளை மெபெண்டசோல் வட்டப்புழுவை 95 வீதமானோரிடம் குணமாக்குகிறது. கொக்கிப்புழுவை 15 வீதமானோரிடம் மட்டுமே. அல்பெண்டசோல் கொக்கிப்புழுவில் 72 வீதத்தை எட்டுகிறது. சாட்டைப்புழுவில் இரண்டும் தடுமாறுகின்றன.

மண்ணைக் குணப்படுத்தியவர்கள்

1963இல் தென் கொரியாவின் ஒரு மருத்துவமனையில் ஒன்பது வயதுச் சிறுமி வயிற்று வலியோடு வந்து இறந்துபோனாள். அவளுடைய குடலிலிருந்து எடுத்த வட்டப்புழுக்கள் 1,063. நாடு அதிர்ந்தது. 1969 முதல் 1995 வரை ஆண்டுக்கு இரண்டு தடவை ஒவ்வொரு பாடசாலைப் பிள்ளையின் மலத்தையும் பரிசோதித்து மருந்து கொடுத்தார்கள். அதோடு நிற்கவில்லை. வயலுக்கு மனிதக் கழிவை எருவாக இடுவது நின்றது. வீடுகளுக்கு மலசலகூடமும் குழாய் நீரும் வந்தன. 1971இல் 84.3 வீதமாக இருந்த குடல் ஒட்டுண்ணித் தொற்று 1997இல் 2.4 வீதம். குடத்தைக் கவிழ்த்துக்கொண்டே பீலியையும் அடைத்தார்கள்.

இலங்கையும் அந்த வழியில் வெகுதூரம் வந்திருக்கிறது. 2017இல் நடந்த தேசிய ஆய்வில் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளின் தொற்று வீதம் 0.97 மட்டுமே. நகரச் சேரிகளில் 2.73. தோட்டப்புறத்தில் 9.02. ஒரே நாடு, ஒரே சுகாதார அமைச்சு, ஒரே குளிசை. தோட்டத்துப் பிள்ளைக்கு மட்டும் ஒன்பது மடங்கு. இந்த இடைவெளியை மருந்தால் மட்டும் விளக்க முடியாது. மருந்து தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் கிடைத்தது. கிடைக்காதது எது என்பதை லயத்தின் பின்பக்கம் நடந்து பார்த்தால் தெரியும்: பல குடும்பத்துக்குப் பொதுவான ஒரு மலசலகூடம், தண்ணீர் வராத குழாய், மழை நாளில் நிரம்பி ஓடைக்கு வழியும் குழி.

2030க்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் இலக்கு, நடுத்தர அல்லது கடும் புழுச்சுமை உள்ளோர் 2 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது. 2009இல் மலையகப் பிள்ளைகளில் அந்தச் சுமையோடு இருந்தவர்கள் 11.6 வீதம்.

காலை பத்து மணிக்குக் கொழுந்து மலையில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு மலசலகூடம் என்பது லயத்தில் இருப்பது. அதுவும் மலைக்குக் கீழே. போய் வர அரை மணி நேரம், அதற்குள் எடுக்க வேண்டிய கொழுந்து போய்விடும், நாள் பேர், அதாவது முழு நாள் கூலி, அரைப் பேராகிவிடும். அவர் படங்கை இழுத்துக் கட்டிக்கொண்டு தேயிலை நிரைக்கு இடையே ஒதுங்குகிறார். மதியம் அதே நிரை வழியாக இன்னொருவர் செருப்பில்லாமல் ஏறுகிறார். மலையிலேயே, நடந்து போகும் தூரத்தில், தண்ணீரோடு ஒரு மலசலகூடம் கட்டப்பட்டால், அன்றிலிருந்து அந்த நிரையின் மண்ணில் புதிய முட்டை விழாது. ஏற்கெனவே மண்ணில் உள்ள கொக்கிப்புழுக் குடம்பிகள் சில வாரங்களில் தாமாகச் செத்துவிடும்.